சாரல் காலமும் பொருள் வரையறையும்



ஆனி மாதம் பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியே ஈரக்காற்று தென்காசிக்குள் நுழைகிறது. மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டுகின்ற தென்மேற்குப் பருவமழை, இப்பால் மெல்லிய தூறலாக வந்து விழுகிறது. இவ்வட்டாரத்து மக்கள் இதனைச் சாரல் என்பர். குற்றாலத்துப் பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் நீர் பெருகும். சிற்றாற்றில் வெள்ளம் புரளும். நீராட வருவோரால் ஊர் நிறையும். ஏறத்தாழ இதே பருவத்தில்தான், ஆஷாட மாதத்து வளர்பிறைச் சதுர்த்தசியில், நம் முனிவர்கள் சாதுர்மாசிய விரதம் ஏற்று ஓரிடத்தில் தங்குகின்றனர்.

ஆண்டின் எட்டுத் திங்கள் ஊர்தோறும் நடந்து அறம் உரைக்கும் அம்மாதவர்கள் இந்த நான்கு திங்களும் ஏன் நடப்பதில்லை? மழை பெய்தால் மண்ணெங்கும் உயிர்கள் தோன்றுகின்றன. புல் முளைக்கிறது, புழு நெளிகிறது, எறும்பு புற்றைவிட்டு மேடு தேடி ஊர்கிறது. அடியெடுத்து வைக்குமிடமெல்லாம் உயிராக இருக்கும்போது நடையைக் குறைப்பதே கருணை என்று நம் ஆகமங்கள் விதித்தன. முனிவர்கள் நடையைக் குறைக்கின்ற இக்காலத்தில் இல்லறத்தார் குறைக்க வேண்டியது யாது? அலுவலகம் செல்லாதிருக்க நம்மால் இயலாது. குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பாதிருக்கவும் இயலாது. ஆனால் வீட்டில் குவிந்து கிடக்கும் பொருளைக் குறைக்க இயலும். அதற்குரிய விரதத்தையும் முன்னோர் நமக்கு வகுத்துத் தந்திருக்கின்றனர். ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாகிய பரிக்கிரக பரிமாணம், அதாவது மிகுபொருள் விரும்பாமை, என்பதே அது.

சாரல் வீசும் ஊரில் ஒரு வீட்டின் உள்ளே சற்று நோக்குவோம். பரண்மேல் அட்டைப் பெட்டிகள். அவற்றுள் எப்போதோ வாங்கிய மின்விசிறியின் உறையும், உடைந்த பொம்மையும், மூன்றாண்டுக்கு முந்தைய பாடப் புத்தகங்களும். கட்டிலடியில் குழந்தைக்குச் சிறியதாகிப்போன சட்டைகளின் மூட்டை. அலமாரியில் ஒருமுறை உடுத்தி மறந்த பட்டுப்புடவைகள். சமையலறையில் பெயர் மறந்த பொடிகள் நிறைந்த டப்பாக்கள். வெயில் காலத்தில் இவை வெறும் இடத்தைத்தான் அடைக்கின்றன. சாரல் தொடங்கியதும் நிலைமை வேறாகிறது. அட்டையில் ஈரம் ஏறுகிறது, கரையான் வருகிறது. துணியில் பூஞ்சை பூக்கிறது, அந்து சேர்கிறது. புத்தகத்தில் இராமபாணப் பூச்சி குடியேறுகிறது. அரிசியில் வண்டு பிறக்கிறது. டப்பாக்களின் இடுக்கில் கரப்பான் முட்டையிடுகிறது.

பின்னர் என்ன நிகழ்கிறது? வீட்டுக்காரர் கடைக்குச் சென்று பூச்சிக்கொல்லி வாங்கி வருகிறார். ஒரு மாலைப் பொழுதில் நூற்றுக்கணக்கான உயிர்கள் துடித்து மடிகின்றன. காலையில் பஞ்சநமஸ்காரம் சொன்ன அதே வீட்டில், நீரை வடிகட்டிக் குடிக்கின்ற அதே வீட்டில், இது நிகழ்கிறது. எறும்பு மூவறிவுயிர், ஈயும் கொசுவும் நாலறிவுயிர், பூஞ்சையோ ஓருடலில் அனந்த உயிர்கள் வாழும் வகையைச் சேர்ந்தது. அவ்வுயிர்களை நாம் வேண்டுமென்று கொல்ல நினைக்கவில்லை என்று கூறலாம். ஆனால் அவை பிறப்பதற்கு இடம் கொடுத்தவர் நாமே. பிறக்கச் செய்து பின் கொல்வதாகிய இவ்விரட்டைத் தீங்குக்கு வேர், தேவையற்ற பொருளை வைத்துக்கொண்டிருந்ததே. ஆகவே வீட்டை ஒழுங்கு செய்வது அழகுக்காகச் செய்யும் காரியம் மட்டும் அன்று. அது கொல்லாமை விரதத்துக்கு இடும் வேலி. ஐந்தாம் விரதம் தளர்ந்த வீட்டில் முதல் விரதம் நிலைபெறாது.

பரிக்கிரகம் என்றால் என்ன என்பதை உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வரையறுத்திருக்கிறார். பொருள் கையில் இருப்பதை அவர் பரிக்கிரகமாகக் கொள்ளவில்லை. பொருளின்மேல் உள்ளம் மயங்கிக் கிடக்கும் மூர்ச்சையையே பரிக்கிரகம் என்றார். நம் நூல்கள் பரிக்கிரகத்தை 24 ஆக எண்ணுகின்றன. மித்தியாத்துவம், வெகுளி, செருக்கு, வஞ்சம், உலோபம் முதலாக உள்ளே இருப்பவை 14. நிலம், மனை, வெள்ளி, பொன், கால்நடை, தானியம், பணிப்பெண், பணியாள், ஆடை, பாண்டம் என வெளியே இருப்பவை 10. வெளியே உள்ள பத்தும் உள்ளே உள்ள பதினான்கை ஊட்டி வளர்க்கின்றன. உள்ளே உள்ள பதினான்கு வெளியே உள்ள பத்தை மேலும் மேலும் இழுத்து வருகின்றன. இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுக்க வேண்டும். துறவி உள்ளும் புறமும் ஒருங்கே அறுக்கிறார். இல்லறத்தார் புறத்தே ஓர் எல்லை வகுத்துத் தொடங்குகிறார். அதனால்தான் இவ்விரதத்துக்கு இச்சா பரிமாணம், அதாவது ஆசைக்கு அளவு, என்றும் பெயர் வந்தது.

சமந்தபத்திர ஆசாரியரின் ரத்தின கரண்டக சிராவகாசாரம் இல்லறத்தார்க்கு ஒழுக்கம் உரைக்கும் நூல். அதனைத் தழுவித் தமிழில் எழுந்தது அருங்கலச் செப்பு. அப்பெயரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அருங்கலம் என்பது அணிகலன்; செப்பு என்பது சிறு பெட்டி. நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளையும் வைக்க ஒரு சிறு செப்பே போதும் என்று முன்னோர் கருதினர் போலும். நம் வீட்டு அலமாரிகளோ நிரம்பி வழிகின்றன. செப்பை வைக்கத்தான் இடமில்லை.

சமந்தபத்திரர் இவ்விரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது வழுவுதல்களை, எடுத்துரைக்கிறார். அதிவாகனம், அதிசங்கிரகம், அதிவிஸ்மயம், அதிலோபம், அதிபாரவாகனம் என்பன அவை. இவற்றை இக்கால இல்லத்தோடு பொருத்திப் பார்த்தால் ஒவ்வொன்றும் நம் வாசலிலேயே நிற்பது விளங்கும்.

அதிவாகனம் என்பது எருதையும் குதிரையையும் அவற்றின் ஆற்றலுக்கு மேல் ஓட்டுவது. இன்று நம்மையும் நம் குழந்தைகளையும் அவ்வாறு ஓட்டுகிறோம். பள்ளி முடிந்ததும் தனிவகுப்பு, அதன்பின் பாட்டு, அதன்பின் நீச்சல், அதன்பின் கணினி. எந்த நேரமும் ஓடுகின்ற வீட்டில் எந்தப் பொருளும் இடத்துக்குத் திரும்பாது. அதிசங்கிரகம் என்பது அளவுக்கு மேல் சேர்த்தல். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அதிவிஸ்மயம் என்பது பிறர் செல்வத்தைக் கண்டு வியந்து ஏங்குதல். அடுத்த வீட்டுப் பிள்ளையின் சைக்கிளைக் கண்டு நம் பிள்ளை அழுவதும், உறவினர் வீட்டுத் திருமணத்தில் பிறர் அணிந்த நகையைக் கண்டு பெரியவர் உறக்கம் இழப்பதும் ஒன்றே. பெரியவரின் ஏக்கத்தைக் கண்டுதான் பிள்ளை அழக் கற்றது. அதிலோபம் என்பது கிடைத்தது போதாதென்னும் வேட்கை. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்னும் விளம்பரம் இதனை நோக்கியே எழுதப்படுகிறது.

ஐந்தாவதாகிய அதிபாரவாகனத்தைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும். விலங்கின்மேல் அதன் வலிமைக்கு மிஞ்சிய சுமை ஏற்றுவதை ஆசாரியர் தடுத்தார். நம் வீடுகளில் இன்று எருதும் இல்லை, வண்டியும் இல்லை. எனினும் சுமை ஏற்றப்படுவோர் இருவர் உள்ளனர். ஒருவர் குழந்தை. மத்திய கல்வி அமைச்சகம் 2020இல் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை குழந்தையின் உடல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்கிறது. 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரண்டரைக் கிலோதான் எல்லை. இன்று இரவே உங்கள் குழந்தையின் பையை நிறுத்துப் பாருங்கள். அன்றைய பாடத்துக்கு வேண்டாத நோட்டுகளும் பழைய தாள்களும் அதில் எத்தனை என்பது தெரியும். இரவில் பையை அடுக்கும் பழக்கம் இல்லாத வீட்டில் குழந்தை எல்லாவற்றையும் சுமந்தே செல்லும்.

மற்றொருவர் இல்லத்தரசி. வீட்டில் நுழையும் ஒவ்வொரு பொருளையும் துடைப்பவர், மடிப்பவர், அடுக்குபவர், தேடித் தருபவர் அவரே. நாற்பது புடவையும் அறுபது சட்டையும் நூறு பாத்திரமும் உள்ள வீட்டில் அவற்றின் முழுச் சுமையும் ஒரு தோளில் இருக்கிறது. கணவர் பொருள் வாங்கி வருகிறார். பிள்ளைகள் இறைத்துப் போடுகின்றனர். தாய் குனிந்து எடுக்கிறார். பொருளைக் குறைக்காமல் ஒழுங்கை மட்டும் அவரிடம் எதிர்பார்ப்பது அதிபாரவாகனமே. ஆகவே ஆடவர்க்கு ஒரு விண்ணப்பம். இவ்விரதத்தை மனைவிமேல் சுமத்தாதீர்கள். முதலில் உங்கள் சொந்தப் பொருளுக்கு எல்லை கட்டுங்கள். வீட்டுப் பணியில் ஒரு பங்கை உங்கள் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி, ஒழுங்கு எவ்வாறு பழக்கமாகிறது என்பதைக் காண்போம். நம் முனிவர்களின் ஐந்து சமிதிகளுள் ஒன்று ஆதான நிக்ஷேபண சமிதி. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் அங்கே உயிர் உண்டா என்று கண்ணால் பார்த்து, மயிற்பீலியால் மெல்ல ஒதுக்கி, பின்னரே எடுக்கவும் வைக்கவும் வேண்டும். திகம்பர முனிவரிடம் மயிற்பீலியும் கமண்டலமும் சாத்திர நூலும் தவிர வேறில்லை. அம்மூன்றையும் கூட அவர் இவ்வளவு கவனத்தோடு கையாளுகிறார். ஆயிரம் பொருள் வைத்திருக்கும் நாம் பார்க்காமலே வீசுகிறோம். பார்த்து எடு, பார்த்து வை என்னும் இரு சொற்களைக் குழந்தைக்கு மூன்று வயதிலேயே கற்பிக்கலாம். காலணியைக் கழற்றும்போது உள்ளே எறும்பு உண்டா என்று பார்த்து வைக்கும் குழந்தை, காலணியை உரிய இடத்தில் வைக்கும் குழந்தையாகவும் வளரும். இங்கே கருணையும் ஒழுங்கும் ஒரே செயலாகின்றன. வைத்த இடத்தில் வை என்று அதட்டினால் குழந்தை அச்சத்தால் செய்யும். அங்கே ஓர் உயிர் நசுங்கலாம் பார் என்றால் அன்பால் செய்யும்.

அன்றாட நடைமுறைக்கும் நாம் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. தேவபூசை, குரு வழிபாடு, சுவாத்தியாயம், சம்யமம், தவம், தானம் என இல்லறத்தார்க்கு ஆறு நாட்கடமைகள் உள்ளன. இவ்வாறும் நாளின் தூண்கள். காலையில் நீராடி வழிபடுவதற்கு வழிபாட்டிடம் தூய்மையாக இருக்க வேண்டும். அதனைத் துடைக்கும் பணியை ஒரு குழந்தைக்கு அளியுங்கள். குடிநீரை இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டும் பணியை மற்றொரு குழந்தைக்கு அளியுங்கள். வடிகட்டிய நீருக்கு 48 நிமிடமே எல்லை என்னும் மரபையும், மாவுக்கு மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என்னும் எல்லையையும் சொல்லிக் கொடுங்கள். டப்பாவின்மேல் அரைத்த தேதியை ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். எந்தப் பொருளுக்கும் ஒரு கால எல்லை உண்டு என்னும் அறிவு இதனால் சிறு வயதிலேயே பதியும். சாரல் காலத்தில் தானியத்தை மாதக் கணக்கில் வாங்காமல் பதினைந்து நாளுக்கு மட்டும் வாங்கினால் வண்டு பிறக்க வாய்ப்புக் குறையும்.

நாளின் நடுநாயகமான தூண் இராவுண்ணாமை. தென்காசியில் மேற்கே மலை நிற்பதால் மாலை நிழல் விரைந்து வீட்டின்மேல் விழுந்துவிடும்; ஆகவே இங்கே நேரம் தவறாமை மேலும் தேவை. கதிரவன் மறையுமுன் உணவு முடிந்தால், அதன்பின் அடுக்களைக்கு வேலையில்லை. பாத்திரம் கழுவி அடுக்கப்படும். அடுப்பு துடைக்கப்படும். சிந்திய பருக்கைக்கு எறும்பு வராது. விளக்கொளியில் விழுந்து மடியும் பூச்சியும் உணவில் சேராது. அதன்பின் கால்மணி நேரம் வீட்டிலுள்ளோர் அனைவரும் சேர்ந்து, தத்தம் பொருளைத் தத்தம் இடத்தில் வைக்க வேண்டும். தந்தை செய்தித்தாளை மடிக்கட்டும். தாய் துணியை மடிக்கட்டும். பிள்ளைகள் பையை அடுக்கட்டும். அப்போதுதான் விளக்கின் முன் அமர்ந்து சுவாத்தியாயம் செய்ய இடமும் மனமும் கிடைக்கும். பொருள் சிதறிக் கிடக்கும் கூடத்தில் சாத்திரம் விரிப்பதற்குக் கூடத் தரை இராது. ஒரு நாள் முழுதும் வீட்டைப் புரட்டிப் போட்டுச் சுத்தம் செய்வதைவிட, ஒவ்வொரு மாலையும் செய்யும் இக்கால்மணி நேரமே நிலைக்கும்.

குழந்தைகளின் பொருளைக் குறைப்பதில் பெற்றோர் பலர் ஒரு தவறான வழியைக் கைக்கொள்கின்றனர். குழந்தை பள்ளிக்குச் சென்றிருக்கும்போது பழைய பொம்மைகளை எடுத்து வெளியேற்றிவிடுகின்றனர். மாலையில் குழந்தை கேட்டால், எங்கோ தொலைந்துவிட்டது என்கின்றனர். இச்செயலில் எத்தனை விரதங்கள் உடைகின்றன என்று எண்ணிப் பாருங்கள். கொடாத பொருளை எடுத்தல் அதத்தாதானம். அது மூன்றாம் விரதத்துக்கு ஊறு. தொலைந்தது என்றது பொய். அது இரண்டாம் விரதத்துக்கு ஊறு. குழந்தையின் மனம் நொந்தது. அது முதல் விரதத்துக்கு ஊறு. ஐந்தாம் விரதத்தைக் காக்கப் புறப்பட்டு மூன்று விரதங்களை இழப்பதா? அன்றியும், பொருளை இழந்த குழந்தை இனி எஞ்சியதை இறுகப் பற்றும். மூர்ச்சை குறையவில்லை; வளர்ந்தது. முதியோரின் பொருளுக்கும் இதுவே முறை. மறைந்த கணவரின் குடையைப் பாட்டியார் பத்திரமாக வைத்திருந்தால், அதனை அவரறியாமல் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப நமக்கு உரிமையில்லை. தம் பொருளைத் தாமே விடுவதுதான் தியாகம்; பிறர் பறித்தால் அது இழப்பு.

வேறு வழி யாது? சமந்தபத்திரர் போகோபபோக பரிமாணத்தை உரைக்குமிடத்தில் வழி காட்டுகிறார். உணவு, மலர் போல ஒருமுறை நுகர்வன போகம். ஆடை, அணி போலத் திரும்பத் திரும்பப் பயன்கொள்வன உபபோகம். இவற்றை வாழ்நாள் முழுதும் விடுவது யமம். கால எல்லையோடு விடுவது நியமம். நியமத்தை ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம், இரு மாதங்கள் கொண்ட ஒரு பருவம், ஆறு மாதங்கள் கொண்ட ஓர் அயனம் என எத்தனை காலத்துக்கும் ஏற்கலாம். குழந்தைகளுக்கு இந்த நியமமே ஏற்றது. இனி ஒருபோதும் இல்லை என்றால் பெரியவருக்கே உள்ளம் நடுங்கும். ஒரு பட்சம் இந்தப் பொம்மைகள் பெட்டியில் இருக்கட்டும் என்றால் குழந்தை இசையும். பட்சம் கழிந்தபின் எவற்றைத் தேடினாய், எவற்றை மறந்தாய் என்று கேளுங்கள். தேடியதைத் திருப்பிக் கொடுங்கள். மறந்ததை யாருக்குக் கொடுக்கலாம் என்று குழந்தையே சொல்லட்டும். சொன்னதைச் செய்யுங்கள். பெற்றோர் சொல் தவறாத வீட்டில்தான் குழந்தை கைவிடக் கற்கும்.

சாதுர்மாசியத்தின் நான்கு மாதங்களையும் இவ்வாறே பகுத்துக்கொள்ளலாம். முதல் மாதம் அடுக்களை. அங்கே உயிர்க்கேடு மிகுதியாதலின் அது முந்துக. இரண்டாம் மாதம் ஆடை. ஒவ்வொருவரும் தமக்கு இத்தனை என்று ஓர் எண்ணைத் தாமே குறித்து, ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைக்கட்டும். மூன்றாம் மாதம் நூல்களும் விளையாட்டுப் பொருள்களும். நான்காம் மாதம் பரணும் கட்டிலடியும். இவற்றுக்கிடையே, பாத்திரபத மாதத்து வளர்பிறைப் பஞ்சமியில் தசலட்சணப் பருவம் தொடங்கும். அதன் எட்டாம் நாள் உத்தம தியாகத்துக்கும் ஒன்பதாம் நாள் உத்தம ஆகிஞ்சன்யத்துக்கும் உரியவை. ஒதுக்கி வைத்ததை எட்டாம் நாளில் குழந்தைகளின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். ஒன்பதாம் நாளில் எனதென்று யாதுமில்லை என்னும் பொருளைச் சிறிது நேரம் அமைதியாக எண்ணச் செய்யுங்கள்.

கொடுப்பதிலும் விடுவதிலும் விவேகம் வேண்டும். கிழிந்ததையும் உடைந்ததையும் ஏழைக்குக் கொடுப்பது தானமாகாது. துவைத்து, தைத்து, நாமே உடுக்கத் தகும் நிலையில் கொடுப்பதே தானம். பாபநாசத்தில் நீராடிவிட்டு உடுத்த துணியைத் தாமிரபரணியிலேயே விட்டுச் செல்லும் வழக்கம் பலரிடம் உள்ளது. அத்துணி ஆற்றின் அடியில் கிடந்து மீனுக்கும் நீருக்கும் கேடாகிறது. என் வீட்டு அழுக்கை ஆற்றின் வீட்டில் போடுவது எங்ஙனம் துறவாகும்? போகியன்று பழையன எரிப்பதும் அவ்வாறே. பாயிலும் மூட்டையிலும் ஒளிந்திருக்கும் சிற்றுயிர்கள் அத்தீயில் வேகின்றன. நெகிழியும் டயரும் எரிந்த புகை குழந்தைகளின் நெஞ்சில் இறங்குகிறது. தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. எறிவதற்கென்றே வாங்கும் பழக்கத்தை நாம் விட்டால் அத்தடை நம் வீட்டளவிலேனும் முழுமை பெறும்.

பாராமல் விடுவதன் கேட்டுக்கு இவ்வட்டாரத்திலேயே ஒரு சான்று உண்டு. இன்றைய தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏட்டுச் சுவடிகள் இருந்ததைக் கேள்வியுற்று, டாக்டர் உ. வே. சாமிநாதையர் தேடிச் சென்றார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இட்டுவிட்டதாக அங்கிருந்தவர் கூறக் கேட்டு நெஞ்சம் உடைந்ததை அவர் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அவரே 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அதன் சமயப் பொருளை விளக்கி உதவியவர் கும்பகோணத்துச் சமண இல்லத்தார். அவ்வில்லங்கள் நூலைக் காத்துப் பயின்று வந்ததால் தமிழுக்கு ஒரு காப்பியம் மீண்டது. ஆகவே பரணைக் காலி செய்யும்போது பழைய மரப்பெட்டி ஒன்று அகப்பட்டால், கைபோன போக்கில் வெளியேற்றாதீர்கள். ஓலைச் சுவடியோ, பாட்டனார் கைப்பட எழுதிய ஏடோ இருப்பின், மேல்சித்தாமூர் ஜினகாஞ்சி மடத்தாரிடமோ அறிந்த புலவரிடமோ காட்டுங்கள். விட வேண்டியதைப் பற்றுவது மூர்ச்சை. காக்க வேண்டியதை விடுவது பிரமாதம் என்னும் சோர்வு. இரண்டும் வினைக்கு வாயில்.

குற்றாலத்துக்கு விடுமுறையில் வரும் நம் குடும்பங்களுக்கும் ஒரு சொல். அருவியில் நனைந்து வெளிவந்தால் கடைவீதி காத்திருக்கிறது. மங்குஸ்தானும் ரம்புட்டானும் சிப்ஸும் விளையாட்டுப் பொருள்களும் இருபுறமும் அடுக்கப்பட்டிருக்கும். ஊர் திரும்புவோர் கையில் ஐந்து பைகள் இருக்கும். வீடு சேர்ந்த ஒரு வாரத்தில் அவற்றில் பாதி பரண் ஏறும். புறப்படும்போதே பிள்ளைகளிடம், இப்பயணத்தில் ஒருவருக்கு ஒரு பொருள் என்று நியமம் ஏற்கச் செய்யுங்கள். ஒன்று மட்டும் என்னும்போது அவர்கள் எவ்வளவு கூர்ந்து தேர்கின்றனர் என்பதை நேரில் காண்பீர்கள். தேர்ந்தெடுக்கும் அறிவு எல்லையிலிருந்தே பிறக்கிறது.

மிச்சமாகும் ஒரு நாளில் அவர்களைச் சங்கரன்கோவில் வழியாகக் கழுகுமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன், பாண்டியர் காலத்தில், பாறையில் வரிவரியாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அங்கே உள்ளன. வட்டெழுத்துக் கல்வெட்டுகள் அவற்றைச் செய்வித்தோர் பெயரையும் ஊரையும் கூறுகின்றன. அவர்களுள் ஆசிரியைகளாக விளங்கிய குரத்தியரும் உண்டு. திருநெல்வேலிக்கு அருகே மறுகால்தலைக் குன்றில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழ்ப் பிராமி எழுத்து, காசிபன் என்பான் முனிவர்க்குக் கற்படுக்கை அளித்ததைச் சொல்கிறது. தென்னாட்டு முனிவர்களின் இல்லம் இக்கற்படுக்கையே. தலைப்புறம் சற்று மேடாகச் செதுக்கப்பட்ட வெறும் பாறை. அதற்குப் பள்ளி என்று பெயர். அங்கே அமர்ந்து அவர்கள் கற்பித்த காரணத்தால், பிள்ளைகள் கற்குமிடம் இன்றும் பள்ளி எனப்படுகிறது என்பர் அறிஞர். இக்கதையைக் குழந்தைக்குச் சொல்லி, அந்தக் கல்லில் சிறிது நேரம் கையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இத்துணைச் சிறிய இடத்தில் இத்துணைப் பெரிய அறிவு வாழ்ந்ததா என்னும் வியப்பு, ஆயிரம் அறிவுரைக்கு நிகர்.

நம்மை எவரும் கற்படுக்கைக்கு அழைக்கவில்லை. கட்டிலும் அலமாரியும் இல்லறத்துக்கு வேண்டும். அவற்றுக்கு ஓர் அளவு மட்டுமே கேட்கப்படுகிறது. அளவு வகுத்தவன் அவ்வளவுக்குள் உரிமையோடு வாழ்கிறான்; அளவு வகுக்காதவன் உலகப் பொருள் அனைத்தையும் மனத்தால் சுமக்கிறான் என்பது நம் ஆசாரியர்களின் கருத்து. சாதுர்மாசியம் முடியும் நாள், மகாவீரப் பெருமான் வீடுபேறு எய்திய தீபாவளித் திருநாளையொட்டி வருகிறது. அன்று புத்தாடை வாங்குமுன் குறிப்பேட்டைத் திறந்து, நாம் எழுதிய எண்ணைப் பார்ப்போம். எண் நிறைந்திருந்தால், ஒன்றைக் கொடுத்தபின் ஒன்றை வாங்குவோம். குழந்தை அதனைப் பார்த்துக்கொண்டிருக்கும். நாம் விட்டுச் செல்லும் சொத்துகளுள் அக்காட்சியே அதற்கு நெடுங்காலம் உதவும்.

இல்லங்கள்தோறும் ஐந்தாம் விரதம் தழைக்க. அதன் நிழலில் எல்லா உயிரும் அச்சமின்றி வாழ்க.

வாழ்க அருகன் அறம்! வளர்க கொல்லாமை!